குதிப்பும் பிடி அரிசியும்

ஒரு பழைய மருத்துவக் கட்டுரையிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1999-இல் 'இஞ்சுரி' என்ற ஆய்விதழில் வந்தது. எழுதியவர்கள் லீ, வில்லியம்ஸ், ஹாடன். ஸ்காட்லாந்தின் டேசைட் பகுதியில் இருந்த இரண்டு பாராசூட் மையங்களில் குதித்து அடிபட்டவர்களை ஐந்து வருஷத்துக்குக் கணக்கெடுத்திருக்கிறார்கள். மொத்தம் 174 பேர். அதில் 94 சதவீதம் பேர், தர்ம காரியத்துக்குப் பணம் திரட்டுவதற்காக வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் குதித்தவர்கள். கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: தர்மத்துக்காகப் பாராசூட்டில் குதிப்பது காசுக்குப் பெறுமா?

அவர்கள் போட்ட கணக்கு எளிமையானது. தர்மத்துக்காகக் குதித்தவர்களில் 11 சதவீதம் பேருக்குக் காயம். காயம்பட்ட ஒருவருக்கு பிரிட்டிஷ் அரசு மருத்துவத்துறை செலவழித்தது சராசரியாக 3,751 பவுண்டு. ஒரு ஆள் குதித்துச் சேர்த்துக் கொடுத்தது 30 பவுண்டு. அதாவது 100 பேர் குதித்தால் தர்மத்துக்கு 3,000 பவுண்டு வரும். 11 பேரைச் சரிபண்ண 41,000 பவுண்டுக்கு மேல் போகும். வகுத்துப் பாருங்கள், ஒரு பவுண்டு வரவுக்கு 13.75 பவுண்டு செலவு. தர்மம் தலைகாக்கும் என்பார்கள். டேசைட்டில் தலை தப்பியது, கை கால் தப்பவில்லை.

இந்தக் கட்டுரையை இணையத்தில் இன்றைக்கும் பலர் எடுத்துக் காட்டி, "பார்த்தீங்களா, எல்லாம் வேஷம்" என்று முடித்துவிடுகிறார்கள். அது நியாயமான வாசிப்பு இல்லை. அந்தக் காலத்துக் குதிப்பு பெரும்பாலும் ஒருநாள் பயிற்சி எடுத்துக்கொண்டு தனியாளாகக் குதிப்பது. இப்போது தர்மத்துக்குக் குதிப்பவர்களில் பெரும்பாலோர் செய்வது டேன்டம், அதாவது ஜோடிக் குதிப்பு. அனுபவமுள்ள பயிற்றுநரின் மார்போடு வாரால் கட்டிக்கொண்டு, 10,000 அடிக்கு மேலிருந்து குதிக்கிறார்கள். அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வரை மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் விழுவது, பிறகு பாராசூட் விரிந்து ஐந்தாறு நிமிஷம் மிதந்து இறங்குவது. முதல் பாராசூட் விரியாவிட்டால் மாற்று பாராசூட் இருக்கிறது. பயிற்றுநர் மயங்கிவிட்டால் உயரத்தைப் பார்த்துத் தானாகவே அதை விரிக்கும் கருவியும் இருக்கிறது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் 2023-ஆம் வருஷக் கணக்கில் 36.5 லட்சம் குதிப்புக்கு 10 மரணம். ஜோடிக் குதிப்பில் இன்னும் குறைவு.

எனக்கு இங்கேதான் சுவாரஸ்யம் ஆரம்பிக்கிறது. ஆபத்து நிஜமாக இருந்தபோது இந்த ஏற்பாடு நஷ்டத்தில் ஓடியது. ஆபத்தை எடுத்துவிட்ட பிறகுதான் லாபத்துக்கு வந்தது. ஆனால் நன்கொடை கேட்கும் வாசகம் மட்டும் மாறவே இல்லை: "நான் உயிரைப் பணயம் வைக்கிறேன், நீங்கள் பத்து பவுண்டு வைக்கமாட்டீர்களா?"

இப்படிப்பட்ட குதிப்பு வீடியோக்களை ஒரு இருபது முப்பதாவது பார்த்திருப்பேன். வரிசையாகப் பார்த்தால் இது ஒரு தனி வகைமை என்று புரியும், நம்ம ஊர் கல்யாண வீடியோ மாதிரி. முதலில் விமானத்துக்கு முன்னால் நின்று கேமராவுக்கு ஒரு வாக்குமூலம்: யாருக்காகக் குதிக்கிறேன், அம்மாவோ தாத்தாவோ கடைசி நாட்களில் எங்கே இருந்தார்கள். பிறகு விமானத்துக்குள் கட்டைவிரல். கதவு திறக்கிறது. கன்னம் இரண்டும் காற்றில் படபடக்கிறது. பாராசூட் விரிந்ததும் ஒரு அமைதி. அநேகமாக அங்கேதான் அழுகிறார்கள். தரையில் கட்டிப்பிடிப்பு. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். யாருக்காக இதெல்லாம் நடக்கிறதோ அந்த நோயாளி ஒரு சட்டகத்தில்கூட வரமாட்டார்.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. வரவும் கூடாது. ஹாஸ்பிஸ் என்பது இனி குணமாகாது என்றான நோயாளிக்கு, வலியில்லாமல், நாற்றமில்லாமல், தனிமையில்லாமல் மிச்ச நாளைக் கடத்திக்கொடுக்கும் இடம். 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸை ஆரம்பித்ததிலிருந்து இன்றைய ஹாஸ்பிஸின் வரலாற்றை எண்ணுகிறார்கள். இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ்களுக்கு அரசு கொடுப்பது சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தை ஊரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஒரு கண் ஆஸ்பத்திரி கட்டு அவிழ்த்த பாட்டியின் சிரிப்பைப் போட்டு நன்கொடை கேட்கலாம். ஹாஸ்பிஸ் எதைப் போட்டுக் கேட்கும்? அங்கே வெற்றி என்றால் ஒருவர் தூக்கத்தில் அமைதியாகப் போனார் என்பதுதான். அதைப் படம் பிடிக்கவும் முடியாது, பிடித்தால் யாரும் பார்க்கவும் மாட்டார்கள். மரணத்தைக் காட்ட முடியாத ஓர் அமைப்பு, மரண பயத்தைக் காட்டிப் பணம் கேட்கிறது. ஒரு விளம்பர உத்தியாக இது கெட்டிக்காரத்தனம்தான், சும்மா சொல்லக்கூடாது.

இதைப் பற்றியெல்லாம் நான் படிக்கக் காரணம் என் அண்ணன் மகள். சிவகாசியில் பிறந்து, மதுரையில் நர்சிங் படித்து, இப்போது இங்கிலாந்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஊர் ஹாஸ்பிஸுக்காகக் குதிக்கப் போவதாகச் சொல்லி ஒரு சுட்டி அனுப்பியிருந்தாள். "சித்தப்பா, உங்களால முடிஞ்சதப் போடுங்க. அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க." எங்கள் அண்ணன் முப்பது வருஷம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். மகள் விமானத்திலிருந்து குதிக்கிறாள் என்று கேட்டால் நிச்சயம் படுத்துவிடுவார்.

சுட்டியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல். அக்கினிச்சட்டி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் சேலை, வேப்பிலை, கையில் எரியும் சட்டி. எடுப்பது பெரும்பாலும் தனக்காக இல்லை. பிள்ளைக்கு அம்மை இறங்கணும், வீட்டுக்காரருக்கு ஆப்பரேஷன் நல்லபடியா முடியணும். இதற்கு முந்தின கட்டம் ஒன்று உண்டு, மடிப்பிச்சை. வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்தாலும் மடியை ஏந்தி நாலு வீட்டில் பிச்சை வாங்கி, அந்தக் காசில்தான் நேர்த்திக்கடனைச் செலுத்த வேண்டும். சாத்தூர் பக்கம் இருக்கன்குடிக்கு நடந்து போகிறவர்களிடமும் இது உண்டு. அண்ணன் மகள் அனுப்பிய சுட்டியில் இந்த இரண்டும் அப்படியே இருந்தன. அடுத்தவர் நோய்க்காகத் தன் உடம்பைக் கொஞ்சம் பயத்துக்குக் கொடுப்பது, அதற்கு ஊரிடம் மடியேந்துவது. அவள் தலைமுறை நேர்த்திக்கடனை விட்டுவிட்டதாக யார் சொன்னது?

மனித மனசு இப்படித்தான் வேலை செய்கிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. கிறிஸ்டோபர் ஒலிவோலா, எல்டார் ஷாஃபிர் இருவரும் 2013-இல் எழுதியது. நிதி திரட்ட விருந்து வைத்தால் கொடுப்பதைவிட, மூச்சு வாங்க ஓட வைத்தால் மக்கள் அதிகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். சிரமம் கூடினால் பணம் கூடுகிறது. அதுவும் பூங்கா அமைப்பது போன்ற மகிழ்ச்சியான காரியத்துக்கு அப்படி ஆவதில்லை, மனிதத் துன்பம் சம்பந்தப்பட்ட காரியத்துக்குத்தான். இதைத் தியாகிகளின் விளைவு என்கிற மாதிரி ஒரு பெயரில் குறிப்பிடுகிறார்கள். நம்ம ஊர்ப் பூசாரியிடம் கேட்டிருந்தால் ஆய்வுச் செலவு மிச்சம்.

ஆனால் இந்த ஒப்புமை ஒரு இடத்தில் எனக்கு இடறுகிறது. எங்கள் பகுதியில் ஆபத்து என்பது தேடிப் போய் வாங்குகிற பொருள் இல்லை. எங்க பக்கம் பட்டாசு ஆலையை 'பயர் ஆபீஸ்' என்பார்கள். காலையில் தூக்குவாளியோடு வேன் ஏறிப் போகிற பெண்களில் ஒருத்தியாவது மருந்து செலுத்துகிற அறையில் உட்காருவாள். மணி மருந்து உராய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தனியாளாக விழுந்தாலும் ஜோடியாக விழுந்தாலும் அவளுக்கு மாற்று பாராசூட் கிடையாது. காற்று பலமாக இருந்தால் குதிப்பை ரத்து செய்கிறார்கள். தீபாவளி நெருக்கத்தில், சித்திரை வெயிலில், உள்குத்தகைக்கு எடுத்தவர் ஓர் அறைக்கு நாலு பேர் என்ற வரம்பை மீறி ஆளை உட்கார வைத்து வேலை வாங்கும்போது யாரும் எதையும் ரத்து செய்வதில்லை.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டு, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டார்களோ என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஓடி வந்தவர்கள். இரண்டாவது வெடிப்பு அவர்களை எடுத்துக்கொண்டது. வேடிக்கை பார்க்கப் போய்ச் செத்தார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள், எனக்கு அதைப் படித்து ஆத்திரமாக வந்தது. தீ எரிகிற இடத்தை நோக்கி ஓடுகிறவனின் மனசில் வேடிக்கை எவ்வளவு, பதைப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாருக்கு முடியும்? அடுத்தவருக்காக உடம்பை ஆபத்தில் வைப்பது என்ற பேச்சை எங்கே கேட்டாலும் எனக்கு முதலில் வந்து நிற்பது அந்த ஊர்தான். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தபோதும் அதே கருகிய வேப்பமரங்கள், அதே நிவாரண அறிவிப்புகள்.

ஹாஸ்பிஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எங்கள் பெரியம்மா தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு லேபிள் ஒட்டுவதிலுமாக வாழ்ந்தவர். அவர் சாகக் காரணம் விபத்து இல்லை, வாய்ப் புற்றுநோய். சாத்தூர் பக்கத்துக் கிராமத்தில் கடைசி நாலு மாசம். வலியை அவர் சமாளித்தார், சமாளிக்க முடியாதது கன்னத்துப் புண்ணிலிருந்து வந்த வாடை. பேரப்பிள்ளைகள் வாசற்படியோடு நின்றுவிட்டார்கள். மதுரையிலிருந்து வந்த ஒரு நர்சம்மா மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவக் கற்றுக்கொடுத்தார். மூணாம் நாள் வாடை அடங்கியது. சில ரூபாய் மாத்திரை. பிள்ளைகள் மறுபடி பாட்டி கட்டிலில் ஏறி உட்கார்ந்தார்கள். மார்ஃபினுக்கு மட்டும் மதுரைக்கு பஸ்ஸில் போய் வர வேண்டியிருந்தது, அதுவும் விலை அதிகம் என்பதால் இல்லை, பக்கத்தில் கொடுக்க ஆள் இல்லை என்பதால். மார்ஃபினுக்கு மூலமான அபினை இந்தியாவே விளைவிக்கிறது, வெளிநாட்டுக்கும் அனுப்புகிறது. 1985 போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு உள்ளூர் நோயாளிக்கு மட்டும் அது எட்டாமல் போய், 2014 திருத்தத்தில்தான் கொஞ்சம் இறுக்கம் தளர்ந்தது.

இந்த வைத்தியத்தின் செலவு மாத்திரையில் இல்லை. வாரம் இரண்டு முறை வந்து போக ஒரு நர்ஸ், வண்டி, டீசல், பஞ்சு, கதீட்டர், தண்ணீர்ப் படுக்கை. அடுத்த வாரமும் அதே, அதற்கடுத்த வாரமும் அதே. ஒரே நாளில் பெய்து ஓய்கிற பணத்தை நம்பி நர்சை வேலைக்கு வைக்க முடியாது. குதிப்பு மேல் எனக்குள்ள உண்மையான விமர்சனம் இதுதான்: அது திரட்டுகிற பணத்தின் தாளமும் நோயாளியின் தேவையின் தாளமும் ஒத்துப்போவதில்லை. இங்கிலாந்து ஹாஸ்பிஸ்காரர்களுக்கும் இது தெரியும். அவர்களுடைய வரவில் தெம்பான பகுதி குதிப்பிலிருந்து வருவதில்லை. பழைய துணி விற்கும் கடைகள், உயிலில் எழுதிவைக்கும் சொத்து, வாரம் ஒரு பவுண்டு கட்டும் ஹாஸ்பிஸ் லாட்டரி, இதில்தான் வருகிறது. குதிப்பு கடை வாசலில் வைக்கிற பலகை. உள்ளே வியாபாரம் வேறே.

வாரம் ஒரு பவுண்டு என்றதும் விருதுநகர்க்காரருக்கு ஒன்று ஞாபகம் வரணும். பிடி அரிசி. தினம் உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் எடுத்து வைத்து, திரட்டி, விற்று நடத்திய பள்ளிக்கூடம் க்ஷத்ரிய வித்யாசாலா. ஊர் பெயர் விருதுபட்டியாக இருந்த காலத்தில், 1889-இல் வந்தது. காமராஜர் படித்தது அங்கேதான். பிற்காலத்தில் அவர் கொண்டுவந்த மதிய உணவுக்கு வேர் இந்தப் பானையில் இருக்கிறது என்று ஊர்ப் பெருமையாகச் சொல்வோம், அது கொஞ்சம் இழுத்துச் சொல்வதுதான். பிடி அரிசிக்கு அண்ணன் மகமை. சந்தைக்கு வரும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சின்னத் தொகை. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாளையம்பட்டி என்று ஆறு ஊர் உறவின்முறைகளும் இதில்தான் கிணறும் பேட்டையும் கோயிலும் பள்ளியும் கட்டின. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் நாடார்கள் பற்றி எழுதிய நூலில் இதை விரிவாகப் பார்க்கலாம்.

மகமையில் யாரும் வீரம் காட்டவில்லை, யாருக்கும் யாரும் கைதட்டவில்லை. கொடுத்தவனுக்குக் கொடுத்த ஞாபகமே இருக்காது. நர்ஸ் சம்பளத்துக்கு வேண்டியது அந்த மாதிரிப் பணம்தான். அதே சமயம் மகமையைப் புனிதமாக்கவும் எனக்கு மனசில்லை. அது ஒரு சாதிக்குள் சுற்றிய பணம். அதனால்தான் அவ்வளவு ஒழுங்காக வசூலானது என்றும் சொல்லலாம். கட்டாதவனை ஊர் சும்மா விடாது. அத்தோடு அது கட்டியதெல்லாம் வளர்கிற பிள்ளைக்கும் ஓடுகிற வியாபாரத்துக்கும். சாகப்போகிறவருக்கு ஒரு படுக்கை போட யாருக்குத் தோன்றும்? "அங்க போனா திரும்ப மாட்டாக" என்று பேராகிவிட்ட இடத்துக்கு யார் தன் பெயரில் கல்வெட்டு வைப்பார்? நோயின் பெயரை நோயாளிக்கே சொல்லாமல் மறைக்கிற வீடுகள் நம்முடையவை. இந்த மௌனத்தை உடைக்க, ஒருத்தி விமானத்திலிருந்து குதித்து அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வது உதவும் என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஒரு வேலையைப் பிடி அரிசியால் செய்ய முடியாது.

சாதி தாண்டியும் இது நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் ஆரம்பித்த வலி நிவாரண முயற்சி, சில வருஷங்களில் மலப்புறத்தில் அக்கம்பக்கத்து வலைப்பின்னலாக ஆனது. கடை உண்டியல், மாணவர்கள், கூலிக்காரர்கள் கொடுக்கும் சில்லறை, வாரம் சில மணி நேரம் ஒதுக்கும் உள்ளூர்த் தொண்டர்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை அறிவித்து, பஞ்சாயத்துகளையும் உள்ளே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-இல் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து பார்க்கும் நோய்த்தணிப்பு நர்சும் பிசியோதெரபிஸ்டும் இருக்கிறார்கள். நல்ல ஆரம்பம். ஒரு வட்டாரம் முழுக்கச் சுற்றுகிற நர்ஸ் ஒரே வீட்டுக்கு வாரம் இரண்டு முறை எப்படி வருவார் என்று யோசித்தால் மிச்ச வேலை யாருடையது என்று தெரியும்.

கணக்கு போட்டுப் பார்த்தேன். 2011 மக்கள்தொகைக் கணக்கில் விருதுநகர் மாவட்டத்தில் 19.4 லட்சம் பேர். வீட்டுக்கு நாலு பேர் என்றால் 4.85 லட்சம் வீடு. வாரம் ஒரு ரூபாய் வீதம் வருஷத்துக்கு 2.5 கோடி. எல்லா வீடும் தராது, பாதி வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பக்கம், பட்டாசுத் தொழிலின் வருஷ வியாபாரம் 6,000 கோடி என்று தீபாவளிக்குத் தீபாவளி பேப்பரில் வருகிறது. அந்தக் காலத்து மூட்டைக்குக் காசு மாதிரி, நூறு ரூபாய்ச் சரக்குக்கு ஐந்து பைசா மகமை எடுத்தால் 3 கோடி. பெட்டி மேல் சாமி படத்துக்குச் செலவழிக்கிற மையைவிட அது அதிகமாக இருக்காது என்று நினைக்கிறேன். சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை மூன்றுக்குமாவது நர்சும் வண்டியும், தீக்காயத்தோடு படுத்தே கிடப்பவர்களையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு ஏற்பாடும் இதில் தாராளமாக நடக்கும்.

அண்ணன் மகளுக்கு 50 பவுண்டு அனுப்பினேன். கூடவே ஒரு கேள்வியும்: அந்த ஹாஸ்பிஸுக்கு வார லாட்டரி ஒன்று இருக்குமே, அதில் சேர்ந்திருக்கிறாயா? உடனே பதில் வந்தது. "ரெண்டு வருசமா மாசாமாசம் பேங்க்ல இருந்து போய்க்கிட்டுத்தான் இருக்கு சித்தப்பா. அதையெல்லாம் யாரு படம் புடிச்சுப் போடுவா?" குதிப்பு, காற்று அதிகம் என்று இன்னும் மூன்று வாரம் தள்ளிப் போயிருக்கிறது. அண்ணனிடம் இதுவரை சொல்லவில்லை.